டெங்கு ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: “என் தங்கைக்கு வயது 24. காய்ச்சல் தொடங்கி இன்று ஐந்தாம் நாள். இரண்டாம் நாள் எடுத்த டெஸ்டில் டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ். நேற்று ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். பிளேட்லெட் 1,90,000-லிருந்து 72,000 ஆகிவிட்டது. பிசிவி 36 இருந்தது, இன்று 42. சிஆர்பி 9, ஃபெரிட்டின் 1,400, எஸ்ஜிஓடி 160. காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா? இதில் எந்த எண் ஆபத்தைச் சொல்கிறது? ஊசி என்றாலே அவள் நடுங்குகிறாள். எச்சில், சிறுநீரில் பார்க்க முடியாதா?”

பதில்:

முதலில் அவசரமான விஷயம். இன்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். காய்ச்சல் இறங்கியதைப் பார்த்து நிம்மதி வருவது இயல்புதான். ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமும் ஆபத்து தொடங்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடும்போது தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் வரை ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியக்கூடும். உங்கள் தங்கை இப்போது அந்த வாசலில்தான் நிற்கிறாள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இருபது வருடமாக மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன். டெங்கு சீசனில் ரிப்போர்ட் வாங்க வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “பிளேட்லெட் எவ்வளவு?” நீங்கள் எழுதிய எண்களில் எனக்குக் கவலை தந்தது பிளேட்லெட் அல்ல. 36 இருந்த பிசிவி 42 ஆனதுதான்.

பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு. சில ரிப்போர்ட்டுகளில் ஹீமட்டோக்ரிட் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இப்போது மெஷினே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் துடைப்பக்குச்சி பருமன் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண் போன்ற பசையால் அடைத்து, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் மெஷினில் ஐந்து நிமிடம் வைப்போம். வெளியே எடுத்தால் அடியில் கருஞ்சிவப்பு, அதற்கு மேல் நூல் கனத்தில் வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டும் சேர்ந்த ஒரு கோடு, அதற்கும் மேல் வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. சிவப்பு எதுவரை நிற்கிறது என்று அட்டவணையில் வைத்துப் படிக்க வேண்டும். காலையில் ஒரு குழாய், மதியம் ஒரு குழாய், இரவு ஒரு குழாய் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பு ஏறிக்கொண்டே போவதும் மஞ்சள் குறைந்துகொண்டே வருவதும் கண்ணுக்கே தெரியும். அந்தக் காணாமல் போன மஞ்சள்தான் டெங்குவின் ஆபத்து. அது ரத்தக் குழாயைவிட்டுக் கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்குகிறது. கஞ்சியில் தண்ணீர் வற்றினால் பருக்கை கூடிவிட்டது போலத் தெரியுமே, அதேதான். சிவப்பணு கூடவில்லை, நீர் குறைந்திருக்கிறது.

தொடக்க அளவிலிருந்து பிசிவி 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 36-க்கு 20 சதவீதம் கூட்டினால் 43-ஐச் சற்றே தாண்டும். உங்கள் தங்கை 42-ல் இருக்கிறாள், அதாவது சுமார் 17 சதவீத ஏற்றம். 42 என்பது தனியாகப் பார்த்தால் நார்மல்தான், ரிப்போர்ட்டில் அதற்குச் சிவப்பு எழுத்தோ நட்சத்திரக் குறியோ விழாது. அதனால்தான் அது கண்ணில் படாமல் போகிறது. தொடக்கத்தில் 36 என்பது உங்களிடம் இருந்ததால்தான் இந்த 42-க்கு அர்த்தமே வந்தது. காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் ஒரு சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட், எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வைரஸ் இருக்கிறதா என்பது ஒன்று. உடம்பு எவ்வளவு அடிபடுகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வைரஸ் விட்டுச் சென்ற தடயத்தையும் அதற்கெதிராக எழுந்த எதிர்ப்பொருளையும் பார்க்கிறோம். இரண்டாவதற்கு உடம்பின் எதிர்வினையைப் பார்க்கிறோம். ஒன்றை வைத்து மற்றதற்குப் பதில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். என்எஸ்1 டெஸ்ட் கார்டில் கோடு அழுத்தமாக விழுந்தது, அதனால் நோய் கடுமை என்று பயந்தவர்களையும், ஐஜிஎம் நெகட்டிவ், அதனால் டெங்குவே இல்லை என்று வீட்டுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என்எஸ்1 என்பது டெங்கு வைரஸ் புகுந்த செல் வெளியே கொட்டும் ஒரு புரதம். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலேயே ரத்தத்தில் கிடைக்கத் தொடங்கும். ஐந்தாம், ஆறாம் நாளுக்குமேல் பலருக்குப் பிடிபடாது. ஐஜிஎம் எதிர்ப்பொருள் நான்காம், ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். ஆகவே நேற்று, அதாவது நான்காம் நாளில், ஐஜிஎம் நெகட்டிவ் என்பதால் இரண்டாம் நாளின் என்எஸ்1 பொய்யாகிவிடாது. டெங்கு உறுதிதான்.

ஐஜிஜி மட்டும் பாசிட்டிவாக வந்ததை உங்கள் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். முதன்முறை டெங்கு வருபவருக்கு ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்பொருள் முதல் வாரத்தில் பெரும்பாலும் இருக்காது. இவ்வளவு சீக்கிரம் இருக்கிறது என்றால் முன்பு ஒருமுறை, அவளுக்கே தெரியாமல்கூட, டெங்கு வந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் வேறு வகை வந்தால் பழைய எதிர்ப்பொருள் அதைத் தடுத்து நிறுத்தாமல், ஒட்டிக்கொண்டு, வைரஸ் செல்லுக்குள் நுழைய வழிகாட்டி விடுவதும் உண்டு. கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது. நான்கு வருடம் கழித்து 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000 பேருக்கு மேல் நோய் கண்டது, 158 பேர் இறந்தார்கள். ஒரு சோதனை முடிவு எவ்வளவு கனமானது என்பதற்கு டெங்வாக்சியா தடுப்பூசியும் சாட்சி. முன்பு டெங்கு வராத குழந்தைக்கு அதைப் போட்டால், பிறகு டெங்கு வரும்போது கடுமையாகும் ஆபத்து இருப்பது 2017 நவம்பரில் வெளிப்பட்டது. அதற்குள் பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டு முடித்திருந்தார்கள். அதன் பிறகு, முன்பு டெங்கு வந்ததற்கான ஆதாரம் பார்த்துவிட்டே அந்த ஊசியைப் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

இரண்டாம் முறை டெங்குவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1-ஐப் பிடித்து மூடிக்கொள்வதால் கார்டில் கோடு விழாமலே போகலாம். அதாவது எவருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே டெஸ்ட் நெகட்டிவ் காட்டக்கூடும். என்எஸ்1 நெகட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவர் டெங்கு சந்தேகத்தை விடாமல் இருந்தால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இப்போது பிளேட்லெட். 72,000 என்பது டெங்குவில் சாதாரணமாகப் பார்க்கும் எண். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு இந்த நிலையில் பிளேட்லெட் ஏற்ற வேண்டிய தேவை இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20,000-க்கோ அதற்கும் கீழோ போன 372 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2017-ல் வெளியானது. ரத்தக்கசிவு வராமல் இருக்க முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. ஆகவே பிளேட்லெட் பைக்காக ஊரெல்லாம் அலைய வேண்டாம். பிளேட்லெட் எண் சில நேரம் ஏமாற்றவும் செய்யும். சிபிசிக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்தால் சிலரது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷின் அந்தக் கட்டியை எண்ணாமல் விட்டுவிடும். எண் திடீரென்று விழுந்தால் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டிரிப்ஸ் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தால் நீர் கலந்து பிசிவி பொய்யாகக் குறையும், அதையும் கவனியுங்கள்.

பிளேட்லெட்டுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. பிளேட்லெட் வேகமாக இறங்க, அதே நேரத்தில் பிசிவி ஏறினால், அந்த ஜோடிதான் எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலில் உள்ள எச்சரிக்கை அறிகுறிகளில் ஆய்வகம் சொல்வது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் கட்டிலருகே தெரிபவை: வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, கல்லீரல் வீக்கம், உடம்பில் நீர் தேங்குவது. உங்கள் தங்கையிடம் அந்த ஜோடி ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்டது. பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அது பிளேட்லெட் எண்ணைத் தூக்கலாம் என்று சொல்லும் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் ஆள் தவறுவது பெரும்பாலும் கசிவினால், அதை அந்தச் சாறு நிறுத்தும் என்பதற்கு நிரூபணம் இல்லை. ஏற்கெனவே குமட்டும் வயிற்றுக்குக் கசப்பை ஊற்றி வாந்தி எடுக்க வைத்தால் உள்ளே போன கொஞ்ச நீரும் வெளியே வந்துவிடும்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகள். எஸ்ஜிஓடி 160 டெங்குவில் எதிர்பார்ப்பதுதான், எஸ்ஜிபிடியைவிட அது அதிகம் இருப்பதும் டெங்குவின் வழக்கம். 1,000-ஐத் தொட்டால் அதைக் கடுமையான டெங்கு என்றே வகைப்படுத்துவார்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம், அழற்சி கூடும்போது ஏறும். 1,400 மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது பல ஆயிரங்களுக்குத் தாவி, காய்ச்சலும் விடாமல், எல்லா அணுக்களும் சேர்ந்து விழுந்தால், எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிவிட்டதா என்று மருத்துவர் யோசிப்பார்.

சிஆர்பி பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் நம் ஊரில் அதிகத் தவறு நடக்கிறது. 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட புரதம் அது. கல்லீரல் தயாரிக்கிறது, பாக்டீரியா தொற்றில் நூறு, இருநூறு என்று பாயும், வைரஸ் தொற்றில் பொதுவாகக் குறைவாக இருக்கும். அதனால் “சிஆர்பி கம்மி என்றால் வைரஸ், அதிகம் என்றால் பாக்டீரியா” என்று ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. கொரோனா அதை உடைத்துவிட்டது. அதுவும் வைரஸ்தான், ஆனால் நுரையீரல் பாதித்தவர்களுக்குச் சிஆர்பி நூறைத் தாண்டியது. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து சிஆர்பி 75-க்கு மேல் இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் அழற்சியைத் தணிக்கும் டோசிலிசுமாப் மருந்தைச் சோதித்தார்கள், இறப்பும் குறைந்தது. அங்கே சிஆர்பி சொன்னது “எந்தக் கிருமி” என்பதை அல்ல, “உடம்பு எவ்வளவு எரிகிறது” என்பதை.

உங்கள் தங்கையின் 9 டெங்குவோடு ஒத்துப்போகிறது. அதுவே 120 என்று வந்திருந்தால் டெங்கு கார்டு பாசிட்டிவாக இருந்தாலும் கூடவே வேறு ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தேடுவேன். தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஸ்க்ரப் டைஃபஸும் (ஒருவகைச் சிற்றுண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா காய்ச்சல்) எலிக்காய்ச்சலும். ஸ்க்ரப் டைஃபஸிலும் பிளேட்லெட் விழும், எஸ்ஜிஓடி ஏறும், பார்க்க டெங்கு போலவே இருக்கும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேட வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரை அதைக் குணமாக்கும், தேடாமல் விட்டால் உயிரே போகும்.

வைரஸா பாக்டீரியாவா என்று பிரிக்க ஒரே புரதத்தை நம்பாமல் எதிரெதிராக நகரும் புரதங்களைச் சேர்த்துப் பார்க்கும் டெஸ்டுகள் இப்போது வந்திருக்கின்றன. ட்ரெயில் என்ற புரதம் வைரஸ் தொற்றில் ஏறும், பாக்டீரியாவில் இறங்கும். அதை ஐபி-10 என்ற இன்னொரு புரதம், சிஆர்பி இரண்டோடு சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகத் தருகிறார்கள். வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளை வெளியிடும், அதன் தூண்டுதலால் செல்லுக்குள் உருவாகும் எம்எக்ஸ்ஏ என்ற புரதத்தை விரல்நுனி ரத்தத்திலேயே பார்க்கலாம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இவை இன்னும் அன்றாடப் புழக்கத்துக்கு வரவில்லை.

யாருக்கு டெங்கு முற்றும் என்பதை முதல் மூன்று நாளிலேயே சொல்லும் ஒரு பொருள் கிடைக்குமா என்ற தேடல்தான் இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்ப்பது. தாய்லாந்துக் குழந்தைகளிடம் 2002-ல் செய்த ஆய்வில், இரண்டாம் வகை டெங்கு வந்து 72 மணி நேரத்துக்குள் என்எஸ்1 மில்லிலிட்டருக்கு 600 நானோகிராமைத் தாண்டியவர்களுக்கு கடுமையான டெங்குவான ரத்தக்கசிவுக் காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. நம் கையிலுள்ள கார்டு உண்டு, இல்லை என்று மட்டுமே சொல்லும், அளவு சொல்லாது. பிறகு 2015-ல் இன்னொன்று புரிந்தது. என்எஸ்1 தடயம் மட்டும் அல்ல, குற்றவாளியும் கூட. ரத்தக் குழாயின் உட்சுவரில் பாசி படர்ந்தது போல ஒரு சர்க்கரைப் பூச்சு உண்டு, கசிவைத் தடுப்பது அதுதான். என்எஸ்1 அதை உரித்துவிடுகிறது. உரிந்த துணுக்குகளில் ஒன்றான சின்டெகான்-1 ரத்தத்தில் மிதக்கும். சுவர் பெயர்ந்தால் தரையில் காரை கிடப்பது போல, அதை அளந்தால் சேதத்தை அளந்த மாதிரி. இலங்கை நோயாளிகளிடம் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த மாஸ்ட் செல்கள் வெளியிடும் கைமேஸ் என்ற நொதியை அளந்து, அது கடுமையான டெங்குவை முன்கூட்டிக் காட்டுகிறது என்று கண்டார்கள். வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சால்வடோர் நாட்டு நோயாளிகளின் முதல் மூன்று நாள் ரத்தத்தில் பத்துப் பொருட்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. தனித்தனியாகப் பார்ப்பதைவிடச் சேர்த்துப் பார்த்தபோது கணிப்பு கூர்மையானது, குழந்தைக்குப் பொருந்திய கூட்டணியும் பெரியவருக்குப் பொருந்தியதும் வேறு வேறாக இருந்தன. சின்டெகானும் ஃபெரிட்டினும் இரண்டு பட்டியலிலும் இருந்தன. இவற்றில் ஃபெரிட்டின் போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றவை எதுவும் இன்று இரவு உங்கள் தங்கைக்கு எடுக்கக் கூடியவை அல்ல. பிசிவி எடுக்கலாம், செலவும் மிகக் குறைவு.

ஊசி இல்லாமல் பார்க்க முடியாதா என்று கேட்டீர்கள். நியாயமான ஆசை. எச்சிலிலும் சிறுநீரிலும் டெங்கு வைரஸின் மரபுப்பொருளையும் என்எஸ்1-ஐயும் கண்டிருக்கிறார்கள், ஆனால் ரத்தத்தில் கிடைப்பது போல நம்பகமாக அல்ல. வைரஸுக்கு வைரஸ் இது மாறும். ஸிக்கா ரத்தத்தைவிட்டு ஒரு வாரத்தில் மறைந்தாலும் சிறுநீரில் இரண்டு வாரம் வரை கிடைத்தது, அதனால் 2016-ல் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார்கள். கொரோனாவுக்கு எச்சிலே போதுமானதாக இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ரத்தத்தைவிட முதுகுத்தண்டு நீரில் ஐஜிஎம் கிடைப்பதே உறுதியான சான்று, ஏனென்றால் சண்டை நடக்கும் இடம் அது. கசிவோ ரத்தக் குழாயில் நடக்கிறது, அதை எச்சில் காட்டிக்கொடுக்காது.

ஆனால் சிறுநீர் ஒன்றைக் காட்டும், அதற்கு எந்த மெஷினும் வேண்டாம். அளவு. கசிவு கூடினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும், சிறுநீர் குறையும். ஒரு லிட்டர் பாட்டிலை வெட்டி, மில்லிலிட்டர் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லிலிட்டராவது வர வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். இலங்கையின் டெங்கு வழிகாட்டுதல்கள் இந்த மணிக்கணக்கைத்தான் அழுத்திச் சொல்கின்றன. குடித்தது எவ்வளவு, டிரிப்ஸில் போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

கூடவே பிரஷர் எடுக்கும்போது மேல் எண்ணோடு கீழ் எண்ணையும் கேளுங்கள். 100/80 என்றால் மேல் எண் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம். இரண்டுக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்கிவிட்டால் அது அதிர்ச்சி நிலையின், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலையின், தொடக்கம், கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, குறிப்பாக ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், கொடுக்கக் கூடாது.

வீட்டுக்கு எப்போது? மாத்திரை இல்லாமலே 48 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்து, பசி திரும்பி, சிறுநீர் தாராளமாகப் போய், பிளேட்லெட் ஏறத் தொடங்கி, டிரிப்ஸ் இல்லாமலே பிசிவி நிலையாக நின்றால் அனுப்புவார்கள். இடையில் பிசிவி 42-லிருந்து சட்டென்று 35-க்கு வந்தால் மட்டும் சந்தோஷப்படும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கசிந்த நீர் குழாய்க்குத் திரும்பினாலும் அப்படி வரும், உள்ளே எங்காவது ரத்தம் போனாலும் அப்படித்தான் வரும். முகம் தெளிந்து, பசித்து, நாடி நிதானமாக இருந்தால் முதலாவது. வெளிறி, வியர்த்து, நாடி ஓடினால் இரண்டாவது.

இன்று இரவு ஒரு பிசிவி எடுக்கச் சொல்லுங்கள், அதே ஆய்வகத்தில், டிரிப்ஸ் ஓடாத கையிலிருந்து. எண்ணையும், நேரத்தையும், கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்பதையும் இங்கே எழுதுங்கள். நான் விழித்திருப்பேன்.